கோர்னா தோப்ரோமீரித்சா வந்து சேர்ந்த இயக்குநர்

சோஃபியாவில், டிராம் வண்டி திரும்பும் ஒரு மூலையில், இடப்பெயர் உச்சரிப்பு ஒழுங்கு இயக்ககம் இருக்கிறது. நான்கு மாடிக் கட்டடம், நூற்று நாற்பது ஊழியர்கள். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை இவர்கள் நாட்டிலுள்ள ஊர்களின் பெயர்களைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் மலையூர்கள், இரண்டாம் மாடியில் சமவெளி ஊர்கள், தரைத்தளத்தில் கடற்கரை. கடற்கரைப் பிரிவுக்கு மட்டும் கோடைக்காலப் படி உண்டு. அந்த ஊர்களுக்கு இவர்களில் யாரும் போவதில்லை. போனால் ஊர்க்காரர்கள் தப்பும் தவறுமாகச் சொல்வது காதில் விழுந்து தொலைக்கும் என்று பயணத்தையே தடைசெய்து ஒரு சுற்றறிக்கை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு இயக்ககம் இருப்பது ராய்ச்சோவுக்கு ஐம்பத்திரண்டு வயதுவரை தெரியாது. தெரியாமல் நன்றாகவே இருந்தார். மாவட்டத் தலைநகரான ஸ்லாவீனிலிருந்து மலைமேல் இருக்கும் தன் ஊருக்குப் பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டுகிறார். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. வேறு பஸ் கிடையாது. முன்கண்ணாடியில் ஒரு பழைய அட்டை சாய்ந்திருக்கும். அதில் அவர் கையெழுத்தில் 'தோம்சா' என்று இருக்கும்.

அரசாங்க வரைபடத்தில் அந்த ஊரின் பெயர் கோர்னா தோப்ரோமீரித்சா. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மூச்சு வாங்க மலையேறுகிறவனுக்கு அவ்வளவு நீளத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே தோம்சாவில் பிறக்கிறார்கள், தோம்சாவில் காதலிக்கிறார்கள், தோம்சாவில் பக்கத்து வீட்டுக்காரனோடு வேலித் தகராறு செய்கிறார்கள். முழுப் பெயர் ஒரே ஒரு சமயத்தில்தான் வெளியே வரும். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகு, பாதிரியார் இறந்தவரின் பெயரைச் சொல்லி, அதை ஒட்டி ஊரின் முழுப் பெயரையும் அட்சரம் பிசகாமல் சொல்வார். நிற்பவர்கள் தொப்பியைக் கழற்றி, "கடவுள் மன்னிக்கட்டும்" என்பார்கள். இறந்தவர் காலடியில் கொஞ்சம் திராட்சை மது ஊற்றுவார்கள். சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை ஆளுக்கு ஒரு கரண்டி கிடைக்கும். சாயங்காலத்துக்குள் புகைப்படத்தோடு, கறுப்புக் கட்டம் போட்ட தாள் ஒன்றை பஸ் நிறுத்தக் கம்பத்தில் ஒட்டிவிடுவார்கள். அதிலும் முழுப் பெயர் இருக்கும். "அவரை முழுசா சொல்லியாச்சு" என்று தோம்சாவில் யாராவது சொன்னால், எந்தக் கல்லறை என்று மட்டும் கேட்டால் போதும்.

இயக்ககத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, இரண்டு பேர் வந்து ராய்ச்சோவின் தலைக்கு மேலே ஒரு சாம்பல் நிறப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். அது தானாகவே நிறுத்தங்களை அறிவிக்குமாம். வளைவுகளில் பேசாமல் வந்த பெட்டி, ஊர் எல்லையில் திடீரென்று வாயைத் திறந்தது.

"அடுத்த நிறுத்தம், கோர்னா தோப்ரோமீரித்சா."

பெண் குரல். தேன் ஒழுகியது.

பஸ்ஸில் இருந்த பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். யாரோ பழக்கதோஷத்தில் "கடவுள் மன்னிக்கட்டும்" என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். ஸ்தோய்னா அக்கா வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காக ஸ்லாவீன் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவள். திரும்பி வரும்போது அசந்து தூங்குவாள். அன்றைக்கு அந்தக் குரலில் விழித்தவள், தன் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அடேய் ராய்ச்சோ! என்னையா சொன்னாங்க?"

"இல்லக்கா. அது பெட்டி."

"பெட்டியா? அதுக்குள்ள பெட்டி வரைக்கும் வந்துட்டீங்களா?"

"அய்யோ, நீ நல்லாத்தான் இருக்கே. இது சோஃபியாலேர்ந்து வந்த பெட்டி. ஊர் பேரச் சொல்லுது."

கடைசி சீட்டில் வூத்தோ தாத்தா இருந்தார். தொண்ணூற்றொரு வயது. ஊரில் அடுத்த முறை யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவரையும் சேர்த்து. "யாருன்னு சொல்லாம ஊரை மட்டும் சொல்லுதே," என்றார் அவர். "அப்ப ஊரே போயிடுச்சாடா?"

மறுநாள் நிறுத்தத்தில் ஆறு பெண்கள் பாத்திரத்தில் கோதுமையோடு காத்திருந்தார்கள். யாரென்று தெரியாவிட்டாலும் யாரோ ஒருவர் போயிருக்கிறார், வெறும் கையோடு நிற்பது மரியாதையாக இருக்காது என்றார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். ஒரு வாரத்தில் ஊரில் சர்க்கரை தீர்ந்தது. பாதிரியார் இலாரியோன் பஸ்ஸுக்கு வெளியே நின்று, "ராய்ச்சோ, முப்பத்தொரு வருஷமா நான் பாக்குற வேலை இது. உன் பெட்டி தினம் ரெண்டு தடவ பாக்குது. எனக்கு என்னய்யா மிச்சம்?" என்று கேட்டார். எட்டாம் நாள் ராய்ச்சோ பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அதன் வாய்க்குள் தன் கம்பளித் தொப்பியைத் திணித்தார்.

பத்து நாளில் இயக்ககத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. 'ஓர் ஊரை உரிய இடத்தில் மௌனமாக்கிய' குற்றத்துக்காக, இனி ஓட்டுநரே தன் வாயால் ஊரின் பெயரை அறிவிக்க வேண்டும். அதற்குமுன் உச்சரிப்புத் தேர்வில் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் பஸ் தடம் ரத்து. 'பெயரைச் சொல்ல ஆளில்லாத ஊருக்குப் போக்குவரத்து அவசியமில்லை' என்று கடைசி வரியில் இருந்தது. ராய்ச்சோ கடிதத்தை ஸ்தோய்னாவிடம் காட்டவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று அவள் கையில் ஊசி குத்திய அடையாளங்கள் அவர் கண்ணிலேயே நின்றன.

முதல் தேர்வு ஸ்லாவீன் மாவட்ட அலுவலகத்தில் நடந்தது. மேசைமேல் ஒரு கைக்கண்ணாடி, ஒரு டம்ளர் தண்ணீர், உச்சரிப்பைத் திருத்த, பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு பேச நான்கு அளவுகளில் கார்க்கு. தேர்வு அலுவலர் ஓர் இளம்பெண். சோஃபியாவிலிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"சொந்த ஊர்?"

"தோம்சா."

"அப்படி ஒரு ஊர் கிடையாது."

"காலைல அங்கேர்ந்துதாம்மா வந்தேன்."

"பட்டியல்ல இல்லாத ஊர்லேர்ந்து வர முடியாது."

"பஸ்ல வந்தேன். கீழ நிக்குது பாருங்க."

அவள் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திரும்பி வந்து ஏதோ எழுதினாள். "பஸ் வந்திருக்கு. அதை ஒத்துக்கறேன். நீங்க எங்கேர்ந்து வந்தீங்கன்னுதான் உறுதியாகல. சரி, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. கோர்னா தோப்ரோமீரித்சா."

ராய்ச்சோ வாயைத் திறந்தார். அந்தப் பெயரை அவர் குழியோரத்தில் நின்று கடைசியாகக் கேட்டது மூன்று வருடத்துக்கு முன்னால். இதே போன்ற ஒரு மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்த கல்லறைத் தோட்டம். இலாரியோன் அன்றைக்கு "கின்கா, கோர்னா தோப்ரோமீரித்சா" என்றார். அவருடைய கின்கா. முழுசாகச் சொல்லியாயிற்று. அந்தப் பெயருக்குள்ளே அவருக்கு இருந்தது மனைவி மட்டும்தான். அதை ஒரு கண்ணாடிக்கும் நான்கு கார்க்குகளுக்கும் முன்னால் எடுத்து வைக்க அவருக்கு வாய் வரவில்லை.

"மன்னிச்சுக்கம்மா. வரல."

"எழுத வருமா?"

"வரும்."

"படிக்க?"

"மனசுக்குள்ள."

'தன் ஊரை அறியாதவர்' என்று முடிவு வந்தது. மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கார்க்கைக் கடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு ஓட்டுநர்கள் தத்தம் ஊரை நோக்கி உறுமிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஊர்களின் பெயரையெல்லாம் ராய்ச்சோ தங்கப்பதக்கம் வாங்குகிற அளவுக்குச் சொன்னார். தன் ஊர் வந்தபோது கார்க்கைத் துப்பினார். இரண்டாம் தேர்விலும் அதே கதைதான்.

விஷயம் அதற்குமேல் மறைக்க முடியாமல் போனது. ஊர் மதுக்கடையில் எல்லோரும் கூடினார்கள். ஆளுக்கு ஒரு கிளாஸ் பழச்சாராயம், ஆளுக்கு இரண்டு யோசனை.

"சும்மா சொல்லிட்டுப் போயேம்ப்பா. வாய்தானே?" என்றான் கடைக்காரன்.

"நீ சொல்லு பாப்போம்," என்றார் ராய்ச்சோ.

கடைக்காரன் கிளாஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

இலாரியோன் தாடியைத் தடவினார். "அது தனியா சொல்ற பேர் இல்ல. ஒரு ஆளோட சேத்துச் சொல்ற பேர். ஆள் இல்லாமச் சொன்னா வூத்தோ சொன்ன மாதிரி ஊருக்கே ஆயிடும். யாரையாவது முன்னால வைக்கணும்."

வூத்தோ தாத்தா கையைத் தூக்கினார். "என்னை வச்சுக்க. நான் எப்படியும் வரிசைல முதல் ஆள்தானே. பஸ்ஸாவது ஓடட்டும்."

அவருடைய மருமகள் அந்தப் பக்கத்து மேசையிலிருந்து, "மாமா சொல்றது நியாயமாத்தான் இருக்கு," என்றாள், கொஞ்சம் அவசரமாக.

"உயிரோட இருக்கறவரை எப்படிச் சொல்றது?" என்று எழுந்தார் ராய்ச்சோ. "தினம் ரெண்டு வேளை! தாத்தா பின்சீட்ல உக்காந்து கேட்டுட்டு வருவாரா? பஸ் போனா போகட்டும். ஸ்தோய்னா அக்காவ நான் தோள்ல தூக்கிட்டுப் போறேன்."

"நாப்பது கிலோமீட்டர்டா," என்றாள் ஸ்தோய்னா. அவளுக்கு அதற்குமுன் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். "நான் ஒண்ணும் அவ்வளவு லேசு இல்ல." சிரிக்கத்தான் செய்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ராய்ச்சோ வெளியே போய் பஸ்ஸின் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். காற்றெல்லாம் சரியாகவே இருந்தது.

மூன்றாம் தேர்வு ஓடும் பஸ்ஸிலேயே நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. தேர்வாளராக வரப்போவது இயக்குநரே. முனைவர் ஹரலாம்பி கிரமாத்திகோவ். இயக்ககத்தின் வெள்ளி விழாவையொட்டி, தன் பயணத் தடையைத் தானே தளர்த்திக்கொண்டு, ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரனோடு அவர் ஸ்லாவீனில் பஸ் ஏறினார். சாம்பல் கோட்டு, மெருகேற்றிய காலணி, இரண்டு காதிலும் பஞ்சு. ஊர்ப் பேச்சிலிருந்து செவியைக் காக்கவாம். தான் பேசும்போது மட்டும் பஞ்சை எடுத்துக்கொண்டார், தன் குரலைக் கேட்பதற்காக.

பஸ் நிறைந்திருந்தது. அன்றைக்கு முழுப் பெயர் சொல்லப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே பலர் மடியில் கோதுமைப் பாத்திரம் வைத்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று. ஏற்றத்தில் பஸ் மெதுவானபோது கிரமாத்திகோவ் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உரையாற்றினார்.

"பொதுமக்களே! ஊர் உங்களுடையது என்று நினைக்கிறீர்கள். அது இயற்கை. கோழிகூட முட்டை தன்னுடையது என்றுதான் நினைக்கிறது. ஓர் ஊரை அதன் ஊர்க்காரர்களிடம் விட்டுவைத்தால் என்ன ஆகும்? தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கிவிடுவார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் நான் நாலாயிரத்து அறுநூறு ஊர்களைத் திருத்தியிருக்கிறேன். ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இரக்கம் வந்திருக்கும். இன்று எண்பது மலையூர்களில் ஓர் ஆள்கூட இல்லை. பெருமையோடு சொல்கிறேன், அந்த எண்பது ஊர்களில்தான் நம் பணி முழு வெற்றி அடைந்திருக்கிறது. அங்கே ஒருவர்கூடத் தப்பாகச் சொல்வதில்லை!"

யாரும் கைதட்டவில்லை. அவர் பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்ததால் கைதட்டியதாகவே எடுத்துக்கொண்டு தலை வணங்கினார்.

ஊர் எல்லை வந்தது. ராய்ச்சோ பஸ்ஸை நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். கீழேயும் ஒரு கூட்டம் நின்றிருந்தது.

"சுற்றறிக்கை நாற்பத்து நாலு," என்றார் கிரமாத்திகோவ், பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு. "அறிவிப்பு காத்தைப் பாத்துச் சொல்றது இல்ல. பயணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அதோட ஊரைச் சொல்லணும். இன்னைக்குப் பயணி நான். ஆரம்பிங்க."

ராய்ச்சோவுக்கு முதலில் புரியவில்லை. "உங்க பேரைச் சொல்லியா சார்?"

"என் பேரைச் சொல்லித்தான்."

"ஊர் பேரோட சேத்தா?"

"சேத்துத்தான்யா. நடுவுல மூச்சு விடக்கூடாது."

"சார், எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு..."

"வழக்கத்தை ஒழிக்கத்தான் நான் சம்பளம் வாங்கறேன். மூணு தரம் சொல்லணும். எல்லாருக்கும் கேக்கணும். இல்லன்னா இந்தத் தடத்தை இங்கேயே, இந்த நிமிஷமே ரத்து பண்ணிடுவேன்."

ராய்ச்சோ கண்ணாடி வழியாக இரண்டாம் வரிசையில் இருந்த பாதிரியாரைப் பார்த்தார். இலாரியோன் மார்பில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, "அவரோட விருப்பம் தெளிவா இருக்கு, மகனே," என்றார். ஸ்தோய்னா தன் கையில் இருந்த கட்டை ஸ்வெட்டருக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அதையும் கண்ணாடியில் பார்த்தார்.

ராய்ச்சோ இருக்கையிலிருந்து எழுந்து தொப்பியைக் கழற்றினார். கின்காவிடம் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாயைத் திறந்தார். இத்தனை நாள் வராத குரல் வந்தது. பயிற்சியில் வந்த குரல் இல்லை, குழியோரத்தில் நிற்கிற குரல்.

"இயக்குநர் முனைவர் ஹரலாம்பி கிரமாத்திகோவ், கோர்னா தோப்ரோமீரித்சா."

பஸ் முழுக்க எழுந்து நின்றது. வெளியே நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "கடவுள் மன்னிக்கட்டும்" என்று உள்ளேயும் வெளியேயும் ஒரே குரலாக எழுந்தது. ராய்ச்சோ இரண்டாம் தரம் சொன்னார். சில பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். மூன்றாம் தரம் சொன்னபோது புகைப்படக்காரனும் தொப்பியைக் கழற்றிவிட்டான். அவன் பக்கத்து ஊர்க்காரன்.

கிரமாத்திகோவ் கையிலிருந்த பஞ்சை வீசி எறிந்தார். கண்கள் கலங்கிவிட்டன. "சரியான உச்சரிப்புக்காக மக்கள் எழுந்து நிக்கறதை என் வாழ்க்கைல இப்பத்தான் பாக்கறேன்," என்றார். "அழறாங்கய்யா! நூத்துக்கு நூறு! இதே மாதிரி, ஒரு அசை கூடாம குறையாம, தினமும் சொல்லணும். இது உத்தரவு." அங்கேயே, ராய்ச்சோவின் முதுகில் வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

கீழே இறங்கியவரின் காலடியில் யாரோ சிவப்பு மதுவை ஊற்றினார்கள். காலணி நனைந்தது. மலைநாட்டு வரவேற்பு என்று நினைத்துச் சிரித்தார். ஸ்தோய்னா ஒரு கிண்ணத்தில் கோதுமையை நீட்டினாள்.

"பிரமாதமா இருக்கே! என்ன விசேஷம்?"

"உங்களுக்காகத்தான் செஞ்சோம் சார்."

கூட்டம் மூச்சடக்கிப் பார்த்தது. தோம்சாவின் வரலாற்றில் தனக்கு வைத்த கோதுமையைத் தானே சாப்பிட்டவர் யாரும் கிடையாது. அவர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். வூத்தோ தாத்தா முன்னால் நின்றவரை முழங்கையால் இடித்து, "சர்க்கரை போதுமான்னு கேளுடா. இதச் சொல்ல இனிமே ஒரு ஆள் கெடைக்க மாட்டான்," என்றார்.

பிற்பகல் பஸ்ஸில் கிரமாத்திகோவ் சோஃபியாவுக்குக் கிளம்பினார். அவர் போன சிறிது நேரத்தில் ஊராட்சி அலுவலக எழுத்தர் தோத்கா வழக்கப்படி தாளை அச்சடித்துக் கம்பத்தில் ஒட்டினாள். முழுசாகச் சொன்னால் தாள் ஒட்டுவது அவள் வேலை. அதில் அவள் இதுவரை பிசகியதில்லை. இயக்ககத்தின் வெள்ளி விழா மலரிலிருந்து நல்ல படமாகப் பார்த்து வெட்டியிருந்தாள். ஊர்ப் பெயர் அச்சிட்ட எந்தத் தாளானாலும் ஒரு பிரதி இயக்ககத்தின் சரிபார்ப்புக்குப் போக வேண்டும் என்று கிரமாத்திகோவ் போட்ட விதி ஒன்று இருந்தது. தோத்கா பிரதியை அனுப்பினாள்.

மூன்றாம் மாடியில் அந்தத் தாளை இரண்டு நாள் ஆராய்ந்தார்கள். ஊரின் பெயரில் ஒரு குறையும் இல்லை. 'முற்றிலும் சரி' என்று முத்திரை குத்தி நான்காம் மாடிக்கு அனுப்பினார்கள். முற்றிலும் சரியான தாளின் மேல் நடவடிக்கை எடுப்பது நான்காம் மாடியின் கடமை. ஓய்வெடுத்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை கிரமாத்திகோவ் அலுவலகம் வந்தபோது, அவர் படத்துக்குக் கறுப்பு நாடா கட்டியிருந்தது. அவர் நாற்காலியில் துணை இயக்குநர் எவ்லோகி தபாக்கோவ் இருந்தார்.

"என்ன எவ்லோகி இது? நான்தானே இதோ நிக்கறேன்!"

"தெரியுது சார்," என்றார் தபாக்கோவ், எழுந்திருக்காமல். "எனக்கும் மனசு கேக்கல. ஆனா தாள்ல நம்ம முத்திரை இருக்கே. முற்றிலும் சரின்னு போட்டிருக்கு. ஆளைப் பாத்து முடிவு பண்ணாதே, தாளைப் பாத்து முடிவு பண்ணுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே? பாத்தா இரக்கம் வந்துடும்னு சொல்வீங்க. அதனால நான் உங்களைப் பாக்காமயே பேசறேன்." சொன்னபடியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். "அந்த ஊர்லேர்ந்து நீங்க அங்க சாகலன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. ஊர்ப் பேரைத் தப்பில்லாம எழுதியிருக்கணும்."

கடிதம் கேட்டு அவர் எழுதிய மனுக்களில் ஊரின் முழுப் பெயர் இருந்தது. தோத்கா ஒவ்வொன்றையும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அஞ்சலித் தாள்களின் கோப்பில் சேர்த்தாள்.

தோம்சாவில் பஸ் ஓடியது. தினமும் இரண்டு நடை, உத்தரவுப்படி ஒரு அசை கூடாமல் குறையாமல், ராய்ச்சோ இயக்குநர் முனைவர் ஹரலாம்பி கிரமாத்திகோவை ஊர் எல்லையில் அறிவித்தார். பயணிகள் எழுந்து, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். யாருக்கும் சங்கடமில்லை. ஏற்கெனவே சொல்லப்பட்டவரைத் திரும்பச் சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது? ஸ்தோய்னாவின் மூன்று நாட்களும் தவறவில்லை. கோடையில் இயக்ககத்து ஆய்வாளர் ஒருவர் வந்து, பஸ்ஸே எழுந்து நிற்பதைப் பார்த்து, நாட்டிலேயே முதன்மையான தடம் என்று குறித்துக்கொண்டு போனார்.

அந்தக் குறிப்பு தபாக்கோவின் மேசைக்குப் போனது. அவருக்கு அது பிடிக்கவில்லை. முன்னாள் இயக்குநரின் பெயரைச் சொன்னால் மக்கள் எழுந்து நிற்பதா? அக்டோபரில் ராய்ச்சோவுக்குக் கடிதம் வந்தது. 'அறிவிப்பில் இனி தற்போதைய இயக்குநரின் பெயர் மட்டுமே இடம்பெற வேண்டும். பயணிகள் இன்னும் சற்று நேரம் கூடுதலாக நிற்பது விரும்பத்தக்கது.' ராய்ச்சோ அதை இரண்டு முறை படித்தார். பதில் எழுதி எச்சரிக்கலாமா என்றுகூட யோசித்தார். எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு என்று தொடங்கியபோது நடந்தது நினைவுக்கு வர, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. பிற்பகலில் ஸ்லாவீனில் ஒருவர் பஸ் ஏறினார். அதே சாம்பல் கோட்டு, ஒரு பொத்தான் இல்லை. காதில் பஞ்சு இல்லை. ஆறு மாதமாக உயிரோடிருக்கிறேன் என்று நிரூபிக்க அலைந்த முகம்.

"வாங்க சார்," என்றார் ராய்ச்சோ. அவருக்கு உள்ளபடியே பாவமாக இருந்தது. "எங்க போகணும்? டிக்கெட் போடணும்."

கிரமாத்திகோவ் வாயைத் திறந்தார். பஸ்ஸில் எல்லோர் கையும் தொப்பியை நோக்கிப் போனது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"தோம்சா."

தொப்பிகள் தலையிலேயே நின்றன. "அவ்வளவு அழுத்தாதீங்க சார்," என்றாள் ஸ்தோய்னா, தன் பக்கத்தில் இடம் விட்டுக்கொடுத்தபடி. "லேசா, வீட்டுக்குப் போற மாதிரி சொல்லணும். தோம்சா."

"தோம்சா," என்றார் அவர்.

"இப்ப பரவால்ல. சொல்லச் சொல்ல வந்துடும்."

வழியெல்லாம் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கடைசி வளைவு தாண்டி ஊர் எல்லை தெரிந்ததும் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ராய்ச்சோ பஸ்ஸை நிறுத்தினார், தொப்பியைக் கழற்றினார், சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இயக்குநர் எவ்லோகி தபாக்கோவ், கோர்னா தோப்ரோமீரித்சா."

பஸ் எழுந்து நின்றது. கிரமாத்திகோவ் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். மெல்ல எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பத்திரமாகத் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார்.

"கடவுள் மன்னிக்கட்டும்!" என்றார். அன்றைக்கு பஸ்ஸிலேயே சத்தமான குரல் அவருடையதுதான். அடுத்தபடி எங்கே கோதுமை கொடுக்கிறார்கள் என்று பார்க்க முதல் ஆளாக இறங்கினார்.